ஏழு படி அருவி

ஜபல்பூர்
9-2-2024

அண்ணாவுக்குச் செங்கமலத்தின் நமஸ்காரம்.

இங்கே ஜெயந்த், மாட்டுப்பெண் கோதை, பேத்தி ரக்ஷா எல்லாரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ராத்திரியில் மோர் சாப்பிடுவதை விட்டாயா?

போனில் சொல்லிவிடு என்றுதான் ஜெயந்த் சொன்னான். போன தடவை உனக்குக் காது கேட்காமல் நீ "ஆ? ஆ?" என்று கேட்க, நான் கத்த, கீழ் வீட்டுக்காரி ஏதோ சண்டை என்று நினைத்து மேலே வந்து நின்றுவிட்டாள். அது போதும். எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். போன வாரம் கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் அழுத்தம் கூடிக் கூடி நரம்பு வாடிவிட்டதாம். ஓரமெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. நடுவில் ஒரு தட்டு அளவு தெரிகிறது. அது டம்ளர் வாயளவு ஆகும், பிறகு காசளவு, பிறகு ஒன்றுமில்லை. "எத்தனை நாள்?" என்று கேட்டேன். ஒரு வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனுஷர். பொய் சொல்லவில்லை.

பத்ரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறான் ஜெயந்த். எனக்கு பத்ரி வேண்டாம். எனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்து நாற்பது நாள் படுத்திருந்தேனே, அப்போது நீ தனியாகக் கழிவெளியைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாயே, ஏரித் தண்ணீர் கலங்கலில் வழிந்து கழியில் விழும் அந்த இடம். ஊருக்கு அது கலங்கல். நம் இரண்டு பேருக்கும் அருவி. ஏழு படி என்றாய். நாலாம் படியில் பச்சைக் கல். படிக்கு ஒரு வெள்ளைக் கொக்கு. தண்ணீர் விழும் சத்தம் பெருமாள் புறப்பாட்டு மேளம் மாதிரித் தூரத்திலேயே கேட்கும் என்றாய். அறுபத்து மூன்று வருஷமாகக் கண்ணை மூடினால் எனக்கு அது தெரிகிறது. கண்ணைத் திறந்துகொண்டு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

நம் குடும்பத்தில் கழிவெளியில் வழி தெரிந்தவன் நீ ஒருவன்தான். எப்போது வரட்டும் என்று எழுது.

செங்கமலம்


செங்கல்பட்டு
4-3-2024

சி. செங்கமலத்துக்கு தேசிகனின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்தேன். கண்ணைப் பற்றி என்ன எழுதினாலும் அது எனக்கே பிடிக்கவில்லை. வேறொரு டாக்டரிடமும் காட்டலாம் என்று மட்டும் சொல்கிறேன். நீ காட்டியிருப்பாய் என்பதும் தெரியும். என் முழங்கால் அப்படியே இருக்கிறது. ராத்திரி மோரை விட்டுவிட்டேன்.

நீ கேட்ட விஷயத்தை நிதானமாக யோசித்தேன். ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் உட்கார்ந்திருந்தவனுக்குத் திட்டம் போடாமல் காப்பிகூடக் குடிக்க வராது. பொறுத்துக்கொள்.

முதலாவது, ஏரி நிரம்பினால்தான் கலங்கலில் தண்ணீர் விழும். அது ஐப்பசி, கார்த்திகையில்தான். இப்போது வந்தால் காய்ந்த கல்லைத்தான் பார்க்க முடியும். இரண்டாவது, மழைக்காலத்தில் கடலோடு சேர்ந்த கழிவெளியிலும் தண்ணீர் இருக்கும். ஆகவே கடல் வற்றும் நேரம் பார்த்துப் போய், ஏறும் நேரத்துக்கு முன் திரும்ப வேண்டும். அடுத்த வீட்டுக் கிச்சா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓத நேர அட்டவணையை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். மூன்றாவது, வழியெல்லாம் மாறியிருக்கலாம். எனக்கு எந்த அளவுக்கு நினைவிருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சில விவரங்கள் தேவை. தொடர்ந்து எவ்வளவு நேரம் நடப்பாய்? சேற்றில் கால் வைக்க டாக்டர் சம்மதிப்பாரா? சர்க்கரை உண்டா? பாதத்தில் மதமதப்பு உண்டா? வெயில் கண்ணில் பட்டால் கூசுமா? மொத்தம் பதினாறு கேள்விகள், தனித்தாளில் வைத்திருக்கிறேன். அவசரமில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

தேசிகன்


ஜபல்பூர்
19-3-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். அனைவரும் நலம். பதினாறு கேள்விகளுக்கும் பதில் இத்துடன். கோதை படித்துவிட்டு, "மாமா உங்களை வேலைக்கு எடுக்கப் போறாரா அம்மா?" என்று கேட்டாள்.

வழி மாறியிருந்தால் என்ன? நீ போனவன்தானே. பாதி தூரம் போனால் கால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். படி ஏழு என்றாயே, அதில் எந்தப் படியில் நீ உட்கார்ந்தாய்? உட்கார்ந்து அவல் சாப்பிட்டேன் என்று சொன்னது நினைவிருக்கிறது, எந்தப் படி என்று நீ சொல்லவே இல்லை. எனக்கும் அதே படியில் உட்கார வேண்டும். அவலும் கட்டிக்கொண்டு வருவேன்.

ஐப்பசி என்றால் ஐப்பசி. காத்திருக்கிறேன். கண்ணும் காத்திருக்கட்டும்.

செங்கமலம்


செங்கல்பட்டு
30-4-2024

சி. செங்கமலத்துக்கு ஆசீர்வாதம்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். வெயில் கடுமை, போதாததற்கு ஒரு பல்லையும் பிடுங்கினார்கள். உன் பதில்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. பாதத்தில் மதமதப்பு இல்லை என்பது பெரிய ஆறுதல்.

உத்தேச அட்டவணை ஒன்று போட்டிருக்கிறேன். செங்கல்பட்டில் காலை ஆறு பத்துக்குப் பஸ். புதுப்பட்டினம் ஏழு நாற்பது. அங்கே ஆட்டோ பிடித்து நம் பழைய ஊர்க் கரைக்கு எட்டு ஐந்து. இருபத்தைந்து நிமிஷம் ஓய்வு. கரையிலிருந்து கலங்கல் ஒன்றே கால் கிலோமீட்டர் என்று வரைபடத்தில் அளந்தேன். உன் நடைக்கும் என் முழங்காலுக்கும் ஐம்பது நிமிஷம். நடுவில் இரண்டு நிறுத்தம். இதில் ஓத நேரத்தை ஒட்டி முன்பின் மாற்ற வேண்டும்.

போன வாரம் கரை வரைக்கும் போய் நின்று பார்த்தேன். எங்கே பார்த்தாலும் உமரிச் செடி, சிவந்துபோய்க் கிடக்கிறது. மிகவும் தட்டையான வெளி. நிழல் ஒரு துளி இல்லை. நீ யோசித்துப் பார். வேடந்தாங்கலில் பறவைகள் இருக்கும், உட்கார்ந்தபடி பார்க்கலாம். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போய் நரசிம்மரைச் சேவிக்கலாம், ஆட்டோ வாசலிலேயே நிற்கும். எது உனக்கு நல்லது என்பதை மட்டுமே நினைத்து எழுதுகிறேன்.

கோதைக்கும் ரக்ஷாவுக்கும் ஆசிகள்.

தேசிகன்


ஜபல்பூர்
14-5-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். பல் எப்படி இருக்கிறது? வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி.

வேடந்தாங்கல் வேண்டாம். நரசிம்மரை இங்கிருந்தே சேவித்துக்கொள்கிறேன். நீ கேட்ட பதினாறுக்கும் நான் பதில் எழுதினேன். நான் கேட்டது ஒன்று. அதை விட்டுவிட்டுப் பாக்கி எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறாய்.

இடது கண் இந்த மாதம் மூடிக்கொண்டது. வலதில் டம்ளர் வாயளவு. இந்தக் கடிதத்தை இரண்டு நாளாக எழுதுகிறேன்.

ஜெயந்துக்கு நான் வருவது இஷ்டமில்லை. "சேத்துல விழுந்தா யார் பொறுப்பு?" என்கிறான். உன் மாமா பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். நவம்பர் 28 காலை சென்னைக்கு வந்து சேருகிற மாதிரி டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

செங்கமலம்


செங்கல்பட்டு
22-7-2024

சி. செங்கமலத்துக்கு ஆசீர்வாதம்.

உன் இடது கண்ணைப் பற்றிப் படித்துவிட்டு நாலு நாள் ஒன்றும் ஓடவில்லை. பெருமாள் வலதை வைத்திருக்கட்டும்.

நான் ஒரு தவறு செய்துவிட்டேன். அதை எழுத வேண்டும்.

கிச்சா ஓத நேர அட்டவணை எடுத்துக் கொடுத்தான். பார்த்ததும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. ரயில் அட்டவணை மாதிரியே கட்டம் கட்டமாக இருந்தது. ஏறும் நேரம், இறங்கும் நேரம், நிமிஷக் கணக்கில். மழைக்கு முன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று 18ஆம் தேதி போனேன். கடல் முழுக்க வற்றும் நேரம் பத்து இருபது. ஒன்பது மணிக்கே போய், கைத்தடியில் அங்குலத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, தண்ணீரில் நட்டு வைத்தேன். பத்து இருபதுக்கு ஒரு கோடு இறங்கவில்லை. பதினொன்றுக்கும் இல்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். தப்பு என்னிடம்தான் இருக்கும் என்று தேதியைக்கூடச் சரிபார்த்தேன்.

கழுத்தளவு தண்ணீரிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். ஐம்பது வயது இருக்கும். இறால் தடவுகிற இருளப் பெண். தண்ணீருக்கடியில் கையால் தடவிப் பிடித்து, வாயில் கவ்விய ஓலைப் பறியில் போட்டுக்கொள்வார்களே, அப்படி. பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா தாத்தா, கழிய அளந்துகினு கீற? பட்டா போடப் போறியா?"

"தண்ணீர் இறங்குகிற நேரம் இது. பத்து இருபது" என்றேன்.

"ஆரு சொன்னது?"

காகிதத்தைக் காட்டினேன். தொடாமல் எட்டிப் பார்த்தாள். "இது கடலுக்கு எய்தினது தாத்தா. இங்க கடலு எங்க வருது? முகதாரம் தூந்து போய்க் கெடக்குது தை மாசத்துலேர்ந்து. மண்ணு அடச்சிகிச்சு. இது இப்ப கொளம் மாரி. ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. வெயிலுக்கு வத்தும், அவ்ளோதான்."

"எப்போது திறக்கும்?"

"மய பேஞ்சி ஊருக்குள்ள தண்ணி வந்தா ஆம்பளைங்க கூடி மண்ண வெட்டிவுடுவாங்க. கழித் தண்ணி சர்ருனு கடலுக்குப் பூடும். அதுக்கப்புறம் ஒன் பொஸ்தகம் சொல்ற மாரி போய் வந்துகினு இருக்கும். அப்ப எட்த்துகினு வா."

ஐந்து மாதம் கட்டம் போட்டேன். கடல் உள்ளே வருகிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பெயர் வேண்டா. கலங்கலுக்கு வழி காட்டுகிறேன் என்றாள். "இப்பவே வா, இடுப்பளவுதான்" என்று கூப்பிட்டாள். முட்டி வரைக்கும் இறங்கினேன். அன்று போலவே அங்கேயே நின்று திரும்பிவிட்டேன். மழைக்குப் பிறகு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜெயந்திடம் நான் பொறுப்பு என்று சொன்னாயாம். படித்ததிலிருந்து அந்த வார்த்தை கூடவே இருக்கிறது.

தேசிகன்


ஜபல்பூர்
8-8-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம். இங்கே மழை. எல்லாரும் சுகம்.

சுண்ணாம்புக் கோட்டைப் படித்து ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தேன். அந்த வேண்டாவை எனக்குப் பிடித்திருக்கிறது.

"அன்று போலவே" என்று எழுதியிருக்கிறாயே. என்று?

செங்கமலம்


செங்கல்பட்டு
9-11-2024

செங்கமலம்,

இதை உட்கார்ந்து படி. முடிந்தால் தனியாகப் படி.

உன் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதியதைக் கிழித்தேன். ஒரே ஒரு சொல்தான் கேட்டிருந்தாய்.

1961ஆம் வருஷம், நவராத்திரி முடிந்து ஒரு வாரம். நீ படுத்திருந்தாய். ஏரி வழிகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து உனக்குச் சொல்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாமல் அவல் கட்டிக்கொண்டு கிளம்பினேன். கழியில் முட்டி வரைக்கும் இறங்கினேன். காலுக்கடியில் மண் நகர்ந்தது. அவ்வளவுதான். திரும்பி ஓடிவந்து கரைச் சரிவில் சாயங்காலம் வரை ஒளிந்திருந்தேன். அவலை அங்கேதான் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் "பார்த்தியா அண்ணா?" என்று கேட்டாய். ஜுரத்தில் உன் முகம் அவ்வளவு சின்னதாக இருந்தது. பார்த்தேன் என்றேன். எப்படி இருந்தது என்றாய். எதைச் சொல்வது என்று தெரியவில்லை. கூடத்தில் இன்னும் பிரிக்காமல் கொலு இருந்தது. அப்பா கட்டிய ஏழு படி. அதனால் ஏழு என்றேன். பச்சைக் கல், கோயில் தாயாரின் பதக்கத்தில் இருந்தது. கொக்கு, மளிகைக் கடைக் காலண்டரில் இருந்தது. மேளச் சத்தம் கோயிலிலிருந்து அப்போது நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தது. நான் கலங்கலைப் பார்த்ததே இல்லை. நீ உட்கார ஆசைப்பட்ட படி எது என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

முந்தாநாள் பார்த்துவிட்டேன். 4ஆம் தேதி கனமழை, ஏரி நிரம்பியது, 5ஆம் தேதி முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். 7ஆம் தேதி வேண்டாவோடு போனேன். இப்போது அட்டவணை சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் இறங்கியது. முட்டிக்கு மேல் எங்கும் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டே போனேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உனக்கு இப்போது தெரிகிற அளவில் படிகளை எண்ண முடியாது. நான் பக்கத்தில் நின்று ஏழு என்றால் ஏழுதான். பச்சை என்றால் பச்சைதான். நீ சந்தோஷமாகத் திரும்பிப் போவாய், யாருக்கும் ஒன்றும் தெரியாது. திரும்பும் வழியில் வேண்டாவிடம், "என் தங்கை வந்தால் படிக் கணக்கைப் பற்றிப் பேசாதே" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. ஆனால் திறந்தேன்.

ஆகவே உள்ளதை எழுதுகிறேன். டேப் வைத்து அளந்தது. அகலம் இருபத்திரண்டு அடி. தண்ணீர் விழும் உயரம் நாலடி மூன்று அங்குலம். படி மூன்று. மூன்றாவது பாதி உடைந்தது. கருங்கல், பாசி பிடித்தது, பச்சை அல்ல, கறுப்பு. மேல் சுவரில் சிமெண்ட் பூசி மஞ்சள் பெயிண்டில் எண் எழுதியிருக்கிறது. ஓரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்கள், ஒற்றைச் செருப்பு. தண்ணீர் தேநீர் நிறம். கொக்கு இல்லை. சத்தம் தூரத்தில் கேட்காது. நூறடிக்குள் போனால் கேட்கிறது. அதுவும் எனக்குக் காது மந்தம், ஆகவே இது நிச்சயமில்லை. இதில் எதையும் கூட்டவில்லை.

இதற்கு மேல் உன் இஷ்டம்.

தேசிகன்


ஜபல்பூர்
19-11-2024

அண்ணாவுக்கு,

நமஸ்காரம் எழுதக் கை போயிற்று. நிறுத்திவிட்டேன்.

ஜெயந்தையும் அவன் அக்காவையும் ஏழு படி சொல்லித்தான் தூங்கவைத்தேன். ரக்ஷா ஆறாம் வகுப்பில் அதைப் படமாக வரைந்து பரிசு வாங்கினாள். பச்சைக் கல்லுக்கு எந்தப் பச்சை என்று கேட்டாள். எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி, தளிர்ப் பச்சை என்று சொன்னேன்.

நீ பயந்ததில் கோபமில்லை. பதினாலு வயதுப் பையன் பயப்படாமல் என்ன செய்வான். அன்றைக்குச் சொன்னதிலும் கோபமில்லை. என் கல்யாணத்தில் சொல்லியிருக்கலாம். அவர் போனபோது பத்து நாள் என்னோடு இருந்தாயே, அப்போது சொல்லியிருக்கலாம். பிப்ரவரியில் நான் எழுதினேனே, மறு தபாலில் சொல்லியிருக்கலாம். பதினாறு கேள்வி கேட்டாய்.

கோபம் தீரவில்லை. அது தீரும்வரை கண் காத்திருக்காது. அதனால் 28ஆம் தேதி காலையில் வருகிறேன்.

ராத்திரி மோர் சாப்பிடாதே.

செங்கமலம்


ஜபல்பூர்
22-12-2024

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

கையெழுத்து கோதையுடையது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். மார்கழி பிறந்ததிலிருந்து வெளிச்சம், இருட்டு மட்டும்தான் தெரிகிறது. அதைப் பற்றி வருத்தமாக எதுவும் எழுதாதே. ரயிலில் சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளியோதரையில் உப்பு அதிகம்.

கழிவெளியில் நடந்தபோது நாம் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. வேண்டாதான் பேசினாள். "பாட்டிம்மா, காலத் தூக்காத. தேச்சி வெய்யி. தூக்குனா சேறு புடிச்சி இஸ்த்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். உன்னைப் பார்த்து, "இன்னா தாத்தா, டைம் இன்னா?" என்றாள். "ஒன்பது ஐம்பது. இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இறங்கும்" என்று நீ ஒப்பித்தாய். "ம், இப்ப ஒன் பொஸ்தகம் கரீட்டு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமாக இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

ஓரிடத்தில் உன் கை நின்றுவிட்டது. எனக்கு முன்னால் வெறும் வெளிச்சம்தான் இருந்தது, ஆனால் நீ நின்றது கையில் தெரிந்தது. "இங்கதானா?" என்று கேட்டேன். "இங்கதான்" என்றாய். "சரி, வா" என்றேன். அந்த இடத்தில் இன்னும் ஏதாவது நல்லபடியாகச் சொல்லியிருக்கலாமோ என்று ரயிலில் தோன்றியது. அப்போது அவ்வளவுதான் வந்தது.

கலங்கலுக்குப் போனதும் நீ என் காதருகே வந்து, "மூணு படி. கறுப்பு. கொக்கு இல்ல" என்று சொன்னாய், ஏதோ கோர்ட்டில் சொல்கிற மாதிரி. தெரியும் என்றேன். மூன்றாவது படியில் உட்கார்ந்து அவலைப் பிரித்தேன். நீ வேண்டாம் என்றாய். வேண்டாவும் நானும் சாப்பிட்டோம்.

பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. நீ முதுகைக் காட்டிக்கொண்டு, தண்ணீர் திரும்புகிறதா என்று கழியையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாய். வேண்டா கொஞ்சம் தள்ளிப் போய்ப் பறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் குனிந்தேன். தண்ணீர் அடிக்காமல் வெறும் ஈரமாக மட்டும் இருக்கிற ஓரம். எனக்குத் தெரிந்தது காசளவு. அந்தக் காசளவில் ஏதோ நெளிந்தது. மூக்கு கல்லில் படுகிற அளவுக்குக் கிட்டே போனேன். விலாங்குக் குஞ்சுகள் அண்ணா. விரல் நீளம்கூட இல்லை. கண்ணாடி மாதிரி உடம்பு, ஊடே கல் தெரிந்தது. மிளகில் பாதிக்கும் பாதி அளவு கறுப்பாக இரண்டு கண். ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் கீழே விழ விழ அவை மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒன்று வழுக்கி விழுந்தது. மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்தது. பதினொன்று எண்ணினேன். பதினொன்றுதானா என்று கேட்காதே, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க முடிந்தது. ஒன்று மேலே போய்ச் சேர்ந்ததைப் பார்த்தேன். சுவர் விளிம்பில் ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தது, பிறகு ஏரிப் பக்கம் போய்விட்டது.

உன்னைக் கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. நீ அறுபத்து மூன்று வருஷம் வைத்திருந்தாய். நான் இருபது நாள் வைத்திருந்தேன்.

இப்போது கண்ணை மூடினாலும் திறந்தாலும் அதுதான். ஏழு படி வரவில்லை. ரக்ஷாவிடம் சொன்னேன், வேறு படம் வரைகிறேன் என்கிறாள்.

கோபம் பாதி தீர்ந்தது. பாக்கியை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

செங்கமலம்


செங்கல்பட்டு
11-1-2025

சி. செங்கமலத்துக்கு தேசிகனின் ஆசீர்வாதம். இதைப் படித்துக் காட்டும் கோதைக்கும் ஆசிகள்.

முழங்கால் பரவாயில்லை. ராத்திரி மோரை விட்டுவிட்டேன் என்று போன மார்ச்சில் எழுதினேன். விடவில்லை. முந்தாநாள்கூடச் சாப்பிட்டேன். புளியோதரையில் உப்பு அதிகம் என்பது சரி. இரண்டு முறை போட்டுவிட்டேன் என்று நீ கிளம்பிய பிறகு தெரிந்தது.

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. தினமும் ஒருமுறை படிக்கிறேன். அந்த இடத்தில் நீ "சரி, வா" என்றாய். வேறென்ன சொல்லியிருந்தாலும் என்னால் கால் எடுத்து வைத்திருக்க முடியாது என்று நினைக்கிறேன். அதன் பிறகு கலங்கல் வரைக்கும் நான் உன்னை அழைத்துப் போனதாக வேண்டா நினைத்திருப்பாள். உண்மை அதுவல்ல. உன் கையை விட்டால் விழுந்திருப்பேன்.

விலாங்குக் குஞ்சு சுவரேறும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. என் புத்தி உனக்குத் தெரியும். மறுநாளே சரிபார்க்கக் கிளம்பிவிட்டேன். அளப்பதற்கு டேப், பூதக்கண்ணாடி, அட்டவணை எல்லாம் பையில் எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரைக்கும் போனேன். ஆறு பத்து பஸ் நின்றுகொண்டிருந்தது. படியில் ஒரு கால் வைத்தேன். பிறகு இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். கண்டக்டர், "இன்னா பெரியவரே, ஏறி எறங்கி வெளாட்றியா?" என்றான். இந்தத் தடவை பயந்து திரும்பவில்லை, செங்கமலம். போய்ப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது அங்கே இருந்தது. நீ பார்த்தாய். எனக்கு அது போதும். வேண்டாவிடமும் கேட்கவில்லை. நூலகத்திலும் தேடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கிச்சா வந்தான். அட்டவணை கடைசியில் பலித்ததா என்று கேட்டான். பலித்தது என்றேன். பிறகு விலாங்குக் குஞ்சுகளைப் பற்றிச் சொன்னேன். நீ எழுதியது எழுதியபடி, கண்ணாடி உடம்பு, வழுக்கி விழுந்தது, விளிம்பில் ஒரு நிமிஷம் அசையாமல் கிடந்தது. அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்.

"ஆச்சரியமா இருக்கே தேசிகா. நீ பாத்தியா?"

"நான் பாக்கல. முதுகக் காட்டிண்டு கடிகாரத்தப் பாத்துண்டு நின்னேன்" என்றேன். "என் தங்கை பாத்தா."

தேசிகன்